வியட்நாம் இளைஞர்களும் வெளிநாட்டுப் பண்டிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், டிசம்பரில் ஊர் சுற்றப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இடப்பெயர்களையும் சொற்களையும் அந்நாட்டு உச்சரிப்புக்கு முடிந்தவரை நெருக்கமாக எழுதியிருக்கிறோம்.

எந்தெந்த வெளிநாட்டுப் பண்டிகைகளை அங்குள்ள இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள்?

பெரியவை மூன்று: பிப்ரவரி 14 காதலர் தினம், அக்டோபர் 31 ஹாலோவீன், டிசம்பர் 24 இரவு. கிறிஸ்துமஸை அங்கே ‘நோ-என்’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ‘நோயெல்’ உள்ளூர் நாக்கில் மாறி வந்த வடிவம் அது. ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்துக்கு ‘நான்காம் மாத மீன்’ என்று பெயர். அதுவும் பிரெஞ்சு வழக்கிலிருந்து வந்ததே. மார்ச் 14 ‘வெள்ளைக் காதலர் தினம்’ ஜப்பானிய மிட்டாய் வியாபாரிகள் 1970களின் இறுதியில் கிளப்பிவிட்டது. ஏப்ரல் 14 ‘கறுப்புக் காதலர் தினம்’ கொரியாவிலிருந்தும், நவம்பர் 11 ‘தனியர் நாள்’ சீனாவிலிருந்தும் வந்தவை.

இவற்றில் ஒன்றுகூட அரசு விடுமுறை இல்லை. ஆங்கிலப் புத்தாண்டுக்கு மட்டும் ஒரு நாள் விடுமுறை உண்டு. டிசம்பர் 25 அன்று பள்ளி, வங்கி, அலுவலகம் எல்லாம் வழக்கம்போல நடக்கும். அதனால் கொண்டாட்டம் மொத்தமும் 24ஆம் தேதி மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையே வந்து குவிகிறது. நெரிசலுக்குப் பாதிக் காரணம் இந்தக் குறுகிய நேரம்தான். விளக்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் 20, 21 தேதிகளில் போங்கள்.

இவற்றால் தெத் மறைந்துவிடாதா?

தெத் என்பது சந்திர நாட்காட்டிப்படி வரும் வியட்நாமியப் புத்தாண்டு. அது மறைந்துவிடும் என்ற பயத்துக்கு மொழியே பதில் சொல்கிறது. ‘ஆன் தெத்’ என்பார்கள்: தெத்தைச் சாப்பிடுவது. ‘சோய் நோ-என்’ என்பார்கள்: நோ-என் விளையாடுவது. ஒன்றைச் சாப்பிடுகிறார்கள், மற்றதை விளையாடுகிறார்கள். 

தெத் வீட்டுப் பண்டிகை. முன்னோர் பீடத்தைத் துடைத்துப் பழத்தட்டு வைப்பது, பன்றியிறைச்சியும் பயறும் வைத்து இலையில் மடித்த ‘பான் ச்சுங்’ என்ற சதுர அரிசிப் பொதியை இரவெல்லாம் வேகவைப்பது, பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் ‘லி சி’ காசு தருவது எல்லாமே நான்கு சுவருக்குள் நடக்கும். முதல் நாள் அப்பா வீட்டுக்கு, இரண்டாம் நாள் அம்மா வீட்டுக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்று பழமொழி உண்டு. அந்தக் கணக்கில் நண்பனுக்கு ஒரு நாள் இல்லை, காதலிக்கும் இல்லை. வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊரைவிட்டு ஹனோய்க்கும் சைகோனுக்கும் (ஹோ சி மின் நகரம்) வந்து, வாடகை அறையில் மூன்று பேர் தங்கியிருக்கும் 20 வயதுக்காரர்களுக்குத் தெருவில் கொண்டாட ஓர் இரவு தேவைப்பட்டது. அந்த வெற்றிடத்தில்தான் நோ-என்னும் ஹாலோவீனும் வந்து உட்கார்ந்தன. தெத் வந்ததும் அதே பிள்ளைகள் பேருந்துக்கு இரண்டு மாதம் முன்பே சீட்டு வாங்கி ஊருக்குப் போய்விடுகிறார்கள், நகரமே வெறிச்சோடுகிறது.

சிக்கல் வருவது தெருப் பண்டிகையை வீட்டுக்குள் கொண்டுபோகும்போதுதான். கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவை.

கிறிஸ்துமஸை ‘வெளிநாட்டுப் பண்டிகை’ என்று சொல்வது சரியா?

பாதிதான் சரி. கத்தோலிக்க மதம் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வந்துவிட்டது. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 59 லட்சம் பேர், அதாவது 6 விழுக்காட்டினர், தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிவு செய்தார்கள். சைகோனின் நோத்ர தாம் பேராலயம் 1880லும், ஹனோயின் புனித சூசையப்பர் பேராலயம் 1886லும் கட்டி முடிக்கப்பட்டவை. நின் பின் பகுதியிலுள்ள ஃபாட் யெம் பேராலயம் வளைந்த ஓட்டுக்கூரையும் கல்தூணுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க்கோயில் போலவே தெரியும். அந்தக் குடும்பங்களிடம் போய் ‘வெளிநாட்டு வழக்கம்’ என்று சொன்னால் மனம் நோகும். நோ-என் அவர்களுக்கு விளையாட்டில்லை, வழிபாடு.

வெளியிலிருந்து வந்தது திருப்பலி முடிந்த பிறகான பகுதி: சிவப்புத் தொப்பி, செயற்கைப் பனி, கடைவீதி மரம், கைப்பேசிப் படம்.

அந்தப் பகுதி எப்போது பரவியது?

1986இல் ‘தோய் மோய்’ பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1994இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடை விலகியது, 1997 நவம்பரில் இணையம் வந்தது. அதன்பின் பெருகிய ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் ஹாலோவீனைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. மழலையர் பள்ளியில் பூசணி வெட்டிய குழந்தைகள்தான் இன்று சைகோனின் புய் வியென் தெருவில் சூனியக்காரி வேடத்தில் நிற்கிறார்கள்.

ஹனோயில் வயதானவர்களுக்கு டிசம்பர் பிற்பகுதி வேறொன்றையும் நினைவூட்டும். 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை அமெரிக்க பி-52 விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசித் தாக்கின. கிறிஸ்துமஸ் அன்று நிறுத்திவிட்டு, 26ஆம் தேதி இரவு மறுபடி வந்தபோது காம் தியென் தெரு தரைமட்டமானது. இன்றும் அந்தத் தெருவில் நினைவிடம் இருக்கிறது, அந்த நாளில் வீடுகளில் நினைவுப் படையல் நடக்கும். அந்தப் பகுதியில் 26ஆம் தேதி இரவு பாட்டும் கூச்சலுமாக விருந்து வைக்க வேண்டாம் என்று வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறோம்.

24ஆம் தேதி இரவு ஹனோய் பேராலயத்துக்குப் போகலாமா? எப்படிப் போவது?

போகலாம். கூட்டத்தில் பெரும்பகுதி கிறிஸ்தவர் அல்லாத இளைஞர்கள்தான். மாலையில் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாகனத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வண்டியை ஒரு கிலோமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். அன்றைக்கு வீட்டு வாசலையெல்லாம் வண்டி நிறுத்துமிடமாக்கி, வழக்கத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். விலையை முதலில் கேளுங்கள். தரும் சிறு சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு தொலைந்தால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நள்ளிரவில் பதிவுப் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கும். செயலியில் வாடகை வண்டி பிடிப்பதென்றால் திருப்பலி முடியும் நேரத்தை ஒட்டிப் பிடிக்காதீர்கள். நடந்து ஹோவான் கியெம் ஏரியைத் தாண்டியபின் பிடித்தால் கட்டணமும் குறையும், வண்டியும் சீக்கிரம் வரும்.

ஹனோயில் அப்போது குளிர்காலம். இரவில் 15 பாகை அளவுக்கு இறங்கும், ஈரக்காற்று எலும்புவரை போகும். சைகோனில் அதே இரவு மெல்லிய சட்டையே வியர்க்கும். இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டியைக் கட்டாதீர்கள்.

ஆலயத்துக்குள் போனால் பின்வரிசையில் நில்லுங்கள், தோளும் முட்டியும் மறையும் உடை அணியுங்கள், ஃபிளாஷ் போடாமல் படமெடுங்கள். அடிக்கடி நடக்கும் பெருந்தவறு ஒன்று: எல்லோரும் வரிசையில் போகிறார்களே என்று நற்கருணை வரிசையில் போய் நிற்பது. அது பிரசாதம் போல வந்தவர்க்கெல்லாம் தருவதில்லை. திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு மட்டுமே. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் அவர்களுக்கு அது மிகப் பெரிய அவமதிப்பு. வரிசை நகரும்போது இருந்த இடத்திலேயே இருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சைகோனில் எங்கே பார்ப்பது?

நோத்ர தாம் பேராலயத்தில் 2017இல் தொடங்கிய சீரமைப்பு வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதைச் சுற்றிலும் மக்கள் கூடினாலும், உண்மையான அழகு 8ஆம் வட்டாரத்தின் ஃபாம் தே ஹியென் தெருவில் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து வட்டார நிர்வாகமே கிடையாது என்றாலும் மக்கள் இன்னும் ‘குவன் 8’ என்றுதான் சொல்வார்கள். 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் குடியேறிய ‘சோம் டாவ்’, அதாவது வேதக்காரர் குடியிருப்பு அது. வீட்டுக்கு வீடு குடில் வைத்து, சந்துக்குச் சந்து விளக்குத் தோரணம் கட்டுவார்கள்.

அந்தக் குடிலை ‘ஹாங் தா’, கற்குகை, என்பார்கள். பார்த்தால் நிஜப் பாறை போலவே இருக்கும். தொட்டால் காகிதம்! சிமென்ட் மூட்டையின் தடித்த பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, கறுப்பும் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வண்ணம் தெளித்தால் பாறையின் மடிப்பும் பாசியும் தானே வந்துவிடும். செய்முறை இவ்வளவுதான்: மூங்கில் குச்சியிலோ கம்பி வலையிலோ ஒரு கூண்டு கட்டுங்கள். காகிதத்தை முதலில் கசக்கிவிட்டுப் பிறகு வண்ணம் போடுங்கள். வண்ணம் காய்ந்தபின் கசக்கினால் மடிப்பு விளிம்புகளில் வண்ணம் உதிர்ந்து காகிதம் வெளுத்துத் தெரியும். அடர்நிறத்தை முழுதாக அடித்து, அது காய்ந்தபின் வெளிர்நிறத்தைப் பக்கவாட்டிலிருந்து மட்டும் தெளித்தால் மேடு பள்ளம் எழும்பும். ஒரு மீட்டர் அகலக் குடிலுக்கு ஐந்தாறு பெரிய தாள்கள் போதும். உள்ளே எல்.இ.டி. சரம் மட்டும் போடுங்கள், குண்டு பல்பு கூடாது, மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வண்ணம் ஏறிய காகிதம் நொடியில் பற்றிக்கொள்ளும். கடையில் விற்கும் செயற்கைப் பனித் தெளிப்பானிலும் எரியும் வாயு உண்டு. விளக்கை அணைத்துவிட்டுத் தெளியுங்கள்.

‘நோ-என் தாத்தா’வை வீட்டுக்கு வரவழைப்பது எப்படி நடக்கிறது?

‘ஓங் யா நோ-என்’ சேவை இப்போது டிசம்பரின் பெரிய பகுதிநேர வேலை. பொம்மைக் கடைகள், மழலையர் பள்ளிகள், மாணவர் குழுக்கள் நடத்துகின்றன. பெற்றோர் ரகசியமாகப் பரிசைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 24 மாலை சிவப்பு உடையில் கல்லூரி மாணவர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து கதவைத் தட்டுவார்.

பரிசுப் பொதியின்மேல் குழந்தையின் செல்லப்பெயர், வயது, பெற்றோர் தொலைபேசி எண், முழு முகவரி ஆகியவற்றை எழுதுங்கள். வியட்நாமிய முகவரியில் 123/45/6 என்று வந்தால், 123ஆம் எண்ணருகே பிரியும் சந்து, அதற்குள் 45ஆம் எண்ணருகே பிரியும் குறுஞ்சந்து, அதில் 6ஆம் வீடு. ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டால் தாத்தா அரைமணி நேரம் இருட்டில் சுற்றுவார். அடுக்ககம் என்றால் காவலாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். மின்தூக்கி அட்டை இல்லாமல் தாத்தா கீழேயே நிற்கும் காட்சி ஆண்டுதோறும் உண்டு. ‘ஏழு மணிக்கு’ என்று கேட்காதீர்கள், ‘ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே’ என்று கேளுங்கள். அன்றைய நெரிசலில் நேரம் குறிப்பது வீண். பரிசின் விலைச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை பஞ்சுத்தாடியைக் கண்டு அலறும். அதற்குக் கதவோரம் வைத்துவிட்டுக் கையசைத்துப் போகச் சொல்வதே நல்லது.

தாத்தாவாகப் போகிற மாணவருக்கு: பாலியெஸ்டர் உடைக்குள் பருத்திப் பனியன் போடுங்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தாடியை முகவாய்க்குக் கீழே இறக்கி, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியபின் வண்டியை எடுங்கள். வீட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று தாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். செருப்பு மாற்றுங்கள். உறவினரோ பக்கத்து வீட்டு அண்ணனோ வேடம் போட்டால் குழந்தைகள் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு என்ன சாப்பிடுவார்கள்?

நண்பர்கள் கூட்டமென்றால் கொதிக்கும் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ‘லவ்’தான். வறுத்த கோழியும் உண்டு. இவற்றோடு பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடரும் மரக்கட்டை கேக், ‘பான் கூக் கை’.

வீட்டிலேயே சிறிய மின் அடுப்பில் செய்பவர்கள் ஏராளம். 30க்கு 40 செ.மீ. தட்டுக்கு 4 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 70 கிராம் மைதா, 20 கிராம் கோகோ, 30 மில்லி எண்ணெய். 180 பாகையில் 12 நிமிடம். ஓரம் மொறுமொறுப்பாகும் முன் எடுத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே ஈரத்துணியோடு சேர்த்துச் சுருட்டி ஆறவையுங்கள், ஆறியபின் விரித்து கிரீம் தடவி மறுபடி சுருட்டுங்கள். வெடிப்பு விழுந்தால் காரணம் இரண்டில் ஒன்று: அதிகம் வெந்துவிட்டது, அல்லது ஆறியபின்தான் முதல்முறை சுருட்டினீர்கள். ஒரு நுனியைச் சாய்வாக வெட்டி மேலே ஒட்டினால் வெட்டுப்பட்ட கிளை.

கடையில் வாங்கினால் நான்கைந்து நாள் முன்பே சொல்லிவையுங்கள். ஸ்கூட்டரில் கொண்டுவரும்போது கொக்கியில் தொங்கவிடாதீர்கள், ஊசலாடி உருளை நடுவில் பிளக்கும். கால்வைக்கும் பலகையில் சமமாக வைத்து இரண்டு காலாலும் அணைத்துக்கொள்ளுங்கள். சைகோன் வெயிலில் பால் கிரீம் அரைமணி தாங்குவதே கடினம், வெண்ணெய் கிரீம் கேளுங்கள்.

ஹாலோவீனுக்குப் பெரியவர்கள் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பேய்க்கு அங்கே ஏற்கெனவே மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் ‘கோ ஹோன்’ மாதம், அநாதை ஆவிகள் அலையும் காலம். அப்போது கஞ்சி, உப்பு, அரிசி, காகிதப் பணம் படைத்து அவற்றைச் சாந்தப்படுத்துவார்கள். பசித்த ஆவிக்குச் சோறு போடும் பண்பாட்டில், ஆவியைப் போல வேடமிட்டுக் கத்துவது பலருக்கு விளையாட்டாகத் தோன்றுவதில்லை.

ஹனோயின் ஹாங் மா தெருவில் நின்றால் இது கண்முன் தெரியும். ‘மா’ என்றால் இறந்தோருக்கு எரிக்கும் காகிதப் பொருள். வழிவழியாக அதை விற்ற தெரு. நடு இலையுதிர்காலப் பண்டிகையின் நட்சத்திர விளக்குகள் இறங்கிய சில நாளில் அதே கொக்கிகளில் பிளாஸ்டிக் மண்டையோடு ஏறும், நவம்பரில் சிவப்புத் தொப்பி, ஜனவரியில் தெத் சிவப்புத் தோரணம். உள்ளே ஓர் ஓரத்தில் காகிதக் குதிரையும் காகிதச் செருப்பும் ஆண்டு முழுக்க இருக்கும். பிள்ளைகள் விளையாட்டுப் பேய் வாங்கும் கடையில் பாட்டி மெய்யான ஆவிக்குச் செருப்பு வாங்குகிறார்.

எல்லை எதுவென்று தெரிந்து நடந்தால் போதும். நெற்றியில் வெள்ளைத் துணி கட்டாதீர்கள். பெற்றோர் இறந்தால் பிள்ளைகள் கட்டும் துக்கத்துணி அது. அவர்கள் உயிரோடு இருக்கும்போது கட்டினால் சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம். மண்டையோடு, சிலந்திவலை எதையும் முன்னோர் பீடம் இருக்கும் அறையில் தொங்கவிடாதீர்கள். துறவி, பிக்குணி, கன்னியாஸ்திரி வேடம் வேண்டாம். காவல்துறை, ராணுவச் சீருடை சட்டப்படியே கூடாது. நிஜக் கத்தி, வாள் பறிபோகும், அபராதமும் வரும். தெர்மோகோலில் செய்யுங்கள். வேடத்தை வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பாமல் போகுமிடத்தில் போட்டுக்கொள்வது நல்லது. நீண்ட அங்கி பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். அதைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்து ஓட்டுங்கள்.

2022இல் தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் ஹாலோவீன் நெரிசலில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் வியட்நாமியர் ஒருவரும் உண்டு. சைகோனின் புய் வியென், ஹனோயின் தா ஹியென் இரண்டும் குறுகிய தெருக்கள். தோளோடு தோள் உரசி, கையை உயர்த்த முடியாத நிலை வந்தால் அதற்குமேல் முன்னே போகாதீர்கள். கைகளை மார்புக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் தளரும்போது மூலைவாட்டில் ஓரத்துக்கு நகருங்கள்.

எந்தச் சட்டங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்?

முதலாவது மது. ஒரு குவளை பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் குற்றம். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி இருசக்கர வண்டிக்குக் குறைந்தபட்ச அபராதமே 20 முதல் 30 லட்சம் டோங் (வியட்நாமியப் பணம்). அதிக அளவென்றால் 80 லட்சம் முதல் 1 கோடி டோங், உரிமம் 22 முதல் 24 மாதம் பறிபோகும். பண்டிகை இரவுகளில் சோதனை கடுமை. தலைக்கவசம் 2007 டிசம்பரிலிருந்து கட்டாயம். சிவப்புத் தொப்பியோ சூனியக்காரித் தொப்பியோ அதற்கு ஈடாகாது, அபராதம் 4 முதல் 6 லட்சம் டோங்.

பட்டாசு 1995 தெத்திலிருந்து தடை. 2021 முதல் வெடிக்காத வகை மத்தாப்பை மட்டும் தனிநபர் பயன்படுத்தலாம், அதையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம்பெற்ற விற்பனையகத்தில்தான் வாங்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கடத்தல் சரக்கு.

சட்டத்தைவிட ஆபத்தானது பலூன். தெருவில் விற்கும் பறக்கும் பலூன்களில் விலை குறைந்த ஹைட்ரஜன்தான் பெரும்பாலும் இருக்கும். சிகரெட் நுனி, கேக் மெழுகுவர்த்தி, சூடான விளக்கு, இவற்றில் ஒன்று போதும், கொத்தாகத் தீப்பிடித்து முகமும் கையும் வெந்துபோகும். காருக்குள்ளும் மின்தூக்கிக்குள்ளும் பலூன் கொத்தைக் கொண்டுபோகாதீர்கள். அறைக்குள் வேண்டுமென்றால் கைப்பம்பில் காற்றடித்து நூலில் தொங்கவிடுங்கள்.

காதலர் தினப் பூவை எங்கே, எப்படி வாங்குவது?

14ஆம் தேதி மாலை பூக்கடையில் வாங்குவது பணத்துக்குக் கேடு. ஹனோயில் குவாங் பா இரவுச் சந்தை நள்ளிரவுக்குமேல் சூடுபிடிக்கும், சைகோனில் ஹோ தி கீ சந்தை எந்நேரமும் உண்டு. 12 இரவு வாங்குங்கள். ரோஜாவின் இதழ்களுக்கு அடியிலுள்ள பகுதியை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, பஞ்சுபோல் அமுங்கினால் பழசு. வெளியிதழ் ஒன்றிரண்டு கறுத்திருந்தால் பரவாயில்லை. எல்லா இதழும் சுத்தமாக இருந்தால் வாடியவற்றைப் பிய்த்து எடுத்திருக்கவும் கூடும். வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியில் இரண்டு செ.மீ. சாய்வாக வெட்டி நீரில் நிறுத்துங்கள், பழக்கூடை பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் வாயு பூவை உதிர்த்துவிடும்.

கைக்குட்டை பரிசு தராதீர்கள், பிரிவையும் கண்ணீரையும் குறிக்கும். வெள்ளைச் சாமந்தியும் கூடாது, அது துக்கவீட்டுப் பூ.

‘சிவப்புப் பயறு நாள்’ என்கிறார்களே, அது என்ன?

ஏழாம் சந்திர மாதம் ஏழாம் நாள் ‘தட் திக்’. வானில் பிரிந்த இடையனும் நெசவுக்காரியும் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் நாள், அவர்களின் கண்ணீரே அந்த வார மழை என்பது பழங்கதை. 2025இல் அது ஆகஸ்ட் 29இல் வந்தது. அன்று சிவப்புப் பயற்றுப் பாயசம் சாப்பிட்டால் துணை கிடைக்கும் என்பது மட்டும் சீன இணையம் வழியாக அண்மையில் வந்து ஒட்டிக்கொண்டது. துணை கிடைக்காதவரை ‘ஏ’ என்பார்கள். சந்தையில் போணியாகாத சரக்குக்கு உள்ள அதே சொல்! பயற்றுக்கடை வாசலில் நிற்கும் வரிசை அந்தப் பெயரைக் கழிப்பதற்குத்தான்.

நால்வருக்கு 200 கிராம் பயறு, 6 முதல் 8 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து, விரலில் நசுங்கியபின் 120 கிராம் சர்க்கரை சேருங்கள். சர்க்கரையை முன்னாலேயே போட்டால் தோல் இறுகிப் பயறு வேகவே வேகாது. இறக்கியபின் தேங்காய்ப்பால்.

வெளியிலிருந்து வந்து முழுக்க வியட்நாமியமாகிவிட்ட வழக்கம் ஏதாவது உண்டா?

உண்டு, மிக அழகானது. வூ லான் என்பது ஏழாம் மாதப் பௌர்ணமியில் பெற்றோருக்கு நன்றி சொல்லும் பௌத்தப் பண்டிகை. அன்று விகாரையில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ரோஜா குத்துவார்கள்: அம்மா இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. தொன்றுதொட்டு வருவதாகப் பலரும் நினைக்கும் இது, துறவி திக் நியட் ஹான் 1962இல் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து பிறந்தது. ஜப்பானில் அன்னையர் தினத்தன்று பூ குத்தும் வழக்கத்தைப் பார்த்து அவர் எழுதினார். மேற்கிலிருந்து ஜப்பானுக்கு வந்த ஒரு நாள், அங்கிருந்து வியட்நாமிய விகாரைக்குள் போய்விட்டது. தட்டை ஏந்திய இளைஞர் அணியிடம் எந்த நிறத்தை எடுப்பது என்று ஒரு கணம் தயங்கி நிற்கும் முகங்களைப் பார்த்தால், இதை யார் அந்நிய வழக்கம் என்பார்கள்?

மார்ச் 8 மகளிர் நாளும் அப்படித்தான். உலகப் பொது இயக்கத்தோடு வந்து, உள்ளூரின் அக்டோபர் 20 பெண்கள் நாளோடு ஜோடி சேர்ந்துவிட்டது. சைகோன் துவோங் தின் தெருவில் தமிழ்நாட்டிலிருந்து போன வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இன்று அங்கே ஊதுபத்தி கொளுத்தி வேண்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான்.

தெத்தை ஜனவரி 1க்கு மாற்றும் பேச்சு உண்மையா?

பேச்சு உண்மை, மாற்றம் வரவில்லை. வேளாண் அறிஞர் வோ தொங் சுவான் 2005இல் தெத்தையும் ஆங்கிலப் புத்தாண்டையும் ஒன்றாக்கலாம் என்று முன்வைத்தார். ஜப்பான் 1873இல் சூரிய நாட்காட்டிக்கு மாறியதை எடுத்துக்காட்டுவார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் தெத் நெருங்கும்போது இந்த விவாதம் கிளம்பும். ‘கலந்து பழகு, கரைந்துபோகாதே’ என்ற பொருளில் ஒரு வாசகம் எல்லோர் வாயிலும் வரும். நாட்காட்டியின்படி தெத் விடுமுறை 5 நாள், ஜனவரி 1க்கு ஒரே நாள்.

காதலர் தினமும் தெத்தும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது?

அடிக்கடி வரும். 2010இல் தெத் முதல் நாளே பிப்ரவரி 14. 2021இல் மூன்றாம் நாள், 2024இல் ஐந்தாம் நாள். 2029இல் இரண்டாம் நாளாக வரும்.

முதல் நாள் விடிந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரால்தான் அந்த ஆண்டின் நல்லது கெட்டது என்பது ‘சோங் தாட்’ நம்பிக்கை. பிறந்த ஆண்டின் விலங்கு பொருந்துகிறதா என்று பார்த்து, நல்ல ராசிக்காரரை முன்கூட்டியே சொல்லி அழைப்பார்கள். பூங்கொத்தோடு காதலி வீட்டுக் கதவைக் காலையிலேயே தட்டினால், அந்த ஆண்டு அந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு நஷ்டத்துக்கும் உங்கள் பெயர்தான். முதல் நாள் போகவே போகாதீர்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குமேல், அவள் வீட்டில் சொல்லிவிட்டபின் போங்கள். கறுப்போ வெள்ளையோ உடுத்தாதீர்கள். கையில் ரோஜாவைவிடப் பழக்கூடையோ தேயிலைப் பெட்டியோ இருக்கட்டும், முதலில் முன்னோர் பீடத்துக்கு ஒரு ஊதுபத்தி ஏற்ற அனுமதி கேளுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு லி சி உறை புதுத்தாள் நோட்டோடு வைத்திருங்கள். ரோஜாவை மாலையில், வெளியே போனபின், தெருவில் கொடுங்கள்.